வேலி யாருடையது? உளவுக் குற்றச்சாட்டும் இறையாண்மைத் தகராறும்

‘தைவான் உளவாளி பிடிபட்டார்’ என்று பெய்ஜிங்கிலிருந்து ஒரு செய்தி வரும். சில நாள் கழித்து, ‘சீனாவுக்கு உளவு பார்த்த இராணுவ அதிகாரி மீது வழக்கு’ என்று தைவான் தலைநகர் தைபேயிலிருந்து இன்னொன்று வரும். நம் தொலைக்காட்சிகளில் இரண்டும் அரை நிமிடத்தில் ஓடிவிடும். அப்புறம் வாட்ஸ்அப் குழுக்களில் உளவாளி, துரோகி, பிரிவினைவாதி ஆகிய மூன்று சொற்களும் ஒரே ஆளைக் குறிக்கப் புழங்கத் தொடங்கும்.

மூன்றும் வேறு வேறு. ஒருவர் மீது இவற்றில் எந்தச் சொல்லை ஓர் அரசு எழுதுகிறது என்று கவனித்தால், அந்த அரசு தன் எல்லை எதுவரை என்று நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். இதைக் கவனிக்காமல் விடும்போது நடுவில் மாட்டிக்கொண்ட மனிதருக்கு நாம் அநியாயம் செய்கிறோம். அவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்பே, நமக்குப் பிடித்த கொடி எது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன். படிக்கச் சட்ட அறிவு எதுவும் வேண்டாம்.

## பாகம் பிரியாத வீடு

ஊரில் ஒரு பூர்வீக வீடு. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது, பாகப்பிரிவினை நடக்கவில்லை. பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. அண்ணன் முன்கட்டில் குடியிருக்கிறார், தம்பி பின்கட்டில். இரண்டு பேரும் வீடு முழுவதும் தன்னுடையது என்கிறார்கள். ஒரு நாள் தம்பி முன்கட்டுக்குள் வந்து பீரோவில் இருக்கும் பத்திரங்களைப் போனில் படம் எடுக்கிறார். அண்ணன் பார்த்துவிட்டு நேரே காவல் நிலையம் போகிறார்.

புகாரில் என்ன எழுதுவார்? ‘வெளியாள் ஒருவன் என் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தான்’ என்று எழுதினால் குற்றம் பெரிதாகத் தெரியும். ஆனால் தம்பியை வெளியாள் என்று எழுதிய கையோடு, பின்கட்டு தனி வீடு, அங்கே இருப்பவர் வேறு குடும்பம் என்று அண்ணனே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சரி, ‘என் தம்பி குடும்பச் சொத்தின் பத்திரங்களை எடுத்தான்’ என்று எழுதலாம். அப்போது இன்ஸ்பெக்டர் கேட்பார்: “குடும்பச் சொத்துன்னா அவருக்கும் பங்கு இருக்கே, பார்க்கக் கூடாதா?”

பங்காளிச் சண்டையில் எழுதும் ஒவ்வொரு புகாருக்குள்ளும் சொத்து யாருடையது என்ற வாதம் ஒளிந்திருக்கிறது. அத்துமீறல் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டாலே வேலியை எங்கே போட வேண்டும் என்று சொல்லிவிட்டோம். உளவுக் குற்றச்சாட்டும் இதே மாதிரி வேலை செய்கிறது. அதற்கு முதலில் இரண்டு மூன்று சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன்.

## உளவு, இறையாண்மை, அங்கீகாரம்

உளவு என்பது, ஓர் அரசு மறைத்து வைத்திருக்கும் தகவலை வேறோர் அரசுக்காக மறைமுகமாகத் திரட்டுவது. இதில் இரண்டு அரசுகள் இருந்தாக வேண்டும். தகவலை இழப்பது ஒன்று, பெறுவது இன்னொன்று. இந்த ‘இன்னொன்று’தான் பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தி: அமைதிக் காலத்தில் உளவு பார்ப்பதை நேரடியாகத் தடை செய்யும் உலகளாவிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. போர்க் காலத்துக்கு மட்டும் 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளில் ஒரு வரையறை உண்டு. வேடமிட்டோ ஒளிந்தோ எதிரியின் போர்ப் பகுதியில் தகவல் திரட்டுபவரே உளவாளி. சீருடையோடு வேவு பார்க்கும் படைவீரர் உளவாளி ஆக மாட்டார். பிடிபட்ட உளவாளியையும் விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது. அமைதிக் காலத்தில் எது உளவு, அதற்கு என்ன தண்டனை என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் தானே எழுதிக்கொள்கிறது. அதாவது உளவுக் குற்றம் எப்போதுமே ‘என் நிலத்தில், என் சட்டப்படி’ குற்றம்.

இறையாண்மை என்பது, ஒரு நிலத்திலும் அங்குள்ள மக்கள் மீதும் கடைசி வார்த்தை சொல்லும் அதிகாரம். மேல் முறையீட்டுக்கு இடமில்லாத அதிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கீகாரம் என்பது, ‘ஆமாம், அந்த அதிகாரம் உன்னிடம்தான் இருக்கிறது’ என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொள்வது. அதிகாரம் கையில் இருந்தும் அங்கீகாரம் இல்லாத அரசுகள் உண்டு. உலகின் பெரும்பாலான இறையாண்மைத் தகராறுகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உளவுக்கு இரண்டு அரசுகள் தேவை. அதைக் குற்றமாக்குவதோ ஒரே ஓர் அரசின் சட்டம். அந்த இரண்டில் ஒன்று, மற்றொன்றை ‘நீ அரசே இல்லை’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பதே இனிக் கேள்வி.

## உறையூரில் ஒரு புலவர்

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதும் இல்லை. சோழ அரசுரிமைக்காக நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டிருந்த காலம். இருவரும் சோழர், இருவரும் சூடுவது ஆத்தி மாலை. நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் வருகிறார். ‘ஒற்று வந்தான்’ என்று சொல்லி நெடுங்கிள்ளி அவரைக் கொல்லப் போகிறான். கோவூர் கிழார் பாடி அவர் உயிரைக் காப்பாற்றுகிறார். புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்கு இருக்கும் பழைய குறிப்பு இதைச் சொல்கிறது.

அமைதியான நாளாக இருந்தால் ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பரிசில் தேடிப் போவது புலவர்களின் அன்றாடப் பிழைப்பு. அரசுரிமை தகராறில் இருந்த ஒரே காரணத்தால் அதே பயணம் ஒற்று ஆகிவிட்டது. இளந்தத்தன் கையில் எந்த ரகசியமும் இருந்ததாகக் குறிப்பில் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒருவகையில் இதையேதான். இன்றைக்கு அது சட்டப் பிரிவுகளோடு நடக்கிறது.

## தைவான்: தகராறு என்ன?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895இல் சீனாவை ஆண்ட சிங் பேரரசு தைவானை ஜப்பானுக்குக் கொடுத்தது. 1945இல் ஜப்பான் தோற்றதும் அன்றைய சீனக் குடியரசு அரசு தீவின் நிர்வாகத்தை ஏற்றது. சீன உள்நாட்டுப் போரில் தோற்ற அந்த அரசு 1949இல் தைபேக்கு இடம்பெயர்ந்தது. பெருநிலத்தில், அதாவது தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள சீனாவில், கம்யூனிஸ்ட் கட்சி சீன மக்கள் குடியரசை நிறுவியது. வெகு காலம் இரண்டுமே முழுச் சீனமும் தன்னுடையது என்றன. 1971இல் ஐ.நா.வில் சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குப் போனது.

இன்று சுமார் 2.3 கோடி மக்கள் வாழும் தைவானுக்குத் தனி அரசு, தனி இராணுவம், தனி நாணயம், தேர்தல் எல்லாம் உண்டு. பெய்ஜிங் ஒரு நாள்கூட அந்தத் தீவை ஆண்டதில்லை. ஆனாலும் 2024 ஜனவரியில் நவ்ரு என்ற தீவு நாடு உறவை முறித்த பிறகு, தைபேயோடு தூதரக உறவு வைத்திருந்தவை 12 அரசுகள் மட்டுமே. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தைவான் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இயங்குகின்றன, சென்னையில் 2012 முதல் தைவானின் அலுவலகமும் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் ‘தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம்’. தூதரகம் என்ற சொல்லை வைக்க முடியவில்லை. அங்கீகாரம் இல்லை என்றால் பெயர்ப்பலகை வரைக்கும் அது தெரியும்.

## ஒரு சொல்லில் போட்ட வேலி

இப்போது அண்ணனின் புகாருக்கு வருவோம். சீனாவின் நிலைப்பாட்டின்படி தைவான் சீனாவின் ஒரு பகுதி, தைவான் மக்கள் சீன மக்கள். அப்படியானால் தைவானுக்குத் தகவல் கொடுத்தவர் மீது ‘வெளிநாட்டுக்கு உளவு பார்த்தார்’ என்று எப்படி எழுதுவது? எழுதினால் தைவான் வெளிநாடு என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் உளவு வழக்கே போட முடியாது.

இந்த முடிச்சைச் சீனச் சட்டம் ஒரு சொல்லால் அவிழ்க்கிறது. சீன மொழியில் ‘குவோவாய்’ என்றால் நாட்டுக்கு வெளியே. ‘ஜிங்வாய்’ என்றால் எல்லைக்கோட்டுக்கு வெளியே. தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றும் ‘குவோவாய்’ ஆகா, ஆனால் ‘ஜிங்வாய்’ ஆகும். சீனக் குற்றவியல் சட்டத்தின் 111ஆம் பிரிவு, ‘ஜிங்வாய்’ அமைப்புகளுக்காக ரகசியங்களைத் திருடுவதையும் துருவிப் பார்ப்பதையும் தண்டிக்கிறது. நாடு என்ற சொல்லே வராமல் தைவான் அதற்குள் வந்துவிடுகிறது. தம்பி குடும்பத்து ஆள்தான், ஆனால் இந்த வாசலுக்கு வெளியே நிற்பவர் என்பது மாதிரி ஓர் ஏற்பாடு.

பயண ஆவணத்திலும் இதைப் பார்க்கலாம். தைவான்காரர் சீனா போக அவருடைய தைவான் பாஸ்போர்ட்டைச் சீனா ஏற்பதில்லை. அவருக்கென்று தனியாக ஓர் அனுமதி அட்டையைச் சீனாவே தருகிறது. மக்கள் வழக்கில் அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தைவான் உடன்பிறப்புச் சான்று’. நான் அழகுக்காக மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சீனச் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருளே ஒரே வயிற்றில் பிறந்தவர் என்பதுதான். உடன்பிறப்பு என்று சொல்லி உள்ளே விடுகிறார்கள். வழக்கு என்று வந்தால் எல்லைக்கு வெளியே உள்ளவருக்காக வேலை செய்தவர் என்று எழுத முடிகிறது.

## மறுகரையிலும் அதே முடிச்சு

இதைப் படித்துவிட்டுச் சீனா மட்டும்தான் இப்படிச் சொற்களை வளைக்கிறது என்று நினைக்க வேண்டாம். தைவானின் அரசியலமைப்பு பெருநிலத்தில் எழுதி 1947இல் நடைமுறைக்கு வந்தது. பின்னால் வந்த திருத்தங்களும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் பெருநிலத்தை வெளிநாடு என்று சொல்லாமல் ‘பெருநிலப் பகுதி’ என்றே குறிக்கின்றன. தைவானின் குற்றவியல் சட்டத்தில் அந்நிய அரசுக்கு உதவும் துரோகத்துக்குக் கடுமையான பிரிவுகள் உண்டு. ஆனால் பெருநிலச் சீனா அந்நிய அரசு என்று சட்டத்தில் இல்லையே! சீனாவுக்கு உளவு பார்த்தவர்மீது அந்தப் பிரிவுகளைப் போட முடியாமல் ஓர் ஓட்டை இருந்தது. 2019இல்தான் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்து, பெருநிலப் பகுதி, ஹாங்காங், மக்காவ், எல்லைக்கு வெளியே உள்ள பகைச் சக்திகள் ஆகியவற்றுக்காகச் செய்யும் குற்றங்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். அங்கேயும் அதே ‘ஜிங்வாய்’ சொல்தான். 2025 மார்ச்சில் அதிபர் லாய் சிங்-தே சீனாவை வெளிப்படையாக ‘எல்லைக்கு வெளியே உள்ள பகைச் சக்தி’ என்றபோது, பகை என்று சொல்லிவிட்டார், வெளிநாடு என்ற சொல் அந்தச் சட்டத் தொடரில் இல்லை.

கொஞ்சம் பின்னால் போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1949 முதல் 1987 வரை தைவானில் இராணுவச் சட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் கம்யூனிஸ்ட் உளவாளி என்று சந்தேகித்தவர்களை ‘ஃபெய்தியே’ என்றார்கள். கொள்ளைக்கார உளவாளி என்று பொருள். ஏன் கொள்ளைக்காரர்? பெய்ஜிங்கில் இருப்பதை அரசு என்றே தைபே அன்று ஏற்கவில்லை. சட்டப்படி அது கிளர்ச்சிக் கும்பல். அந்த நிலை முறையாக முடிந்தது 1991இல். வூ ஷி என்ற ஜெனரல் 1950 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உண்மையிலேயே பெய்ஜிங்குக்குத் தகவல் அனுப்பியவர், பின்னாளில் சீனா அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது. ஆனால் அதே ‘ஃபெய்தியே’ முத்திரை படிப்பு வட்டம் நடத்தியவர்கள் மீதும், அரசை விமர்சித்தவர்கள் மீதும் விழுந்தது. 2018இல் அமைந்த ஆணையம் அந்தக் காலத்துத் தீர்ப்புகளில் ஆயிரக்கணக்கானவற்றை ரத்து செய்தது. பெரும்பாலானவர்களுக்கு அது காலம் கடந்த நீதி.

ஆக, இரண்டு கரையிலும் உளவுச் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்கள் முதலில் எதிர்கொண்டது ஒரே கேள்வியைத்தான்: எதிரில் இருப்பவரை என்ன பெயர் சொல்லி எழுதுவது?

## மூன்று குற்றங்கள், மூன்று வரைபடங்கள்

ஆரம்பத்தில் சொன்ன மூன்று சொற்களுக்கு இப்போது வரலாம். உளவு வழக்கில், ‘நீ வெளியே உள்ள ஒருவருக்கு வேலை செய்தாய்’ என்று அரசு சொல்கிறது. அரசதிகாரக் கவிழ்ப்பு வழக்கில், ‘இந்த அரசை வீழ்த்தப் பார்த்தாய்’ என்கிறது. பிரிவினை வழக்கில், ‘எனக்குச் சொந்தமான நிலத்தைத் துண்டாடப் பார்த்தாய்’ என்கிறது. மூன்றாவதைக் கவனியுங்கள். ஒருவரைப் பிரிவினைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்போதே, அவர் பிரிக்க நினைத்த நிலம் அந்த அரசுக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் எழுதிவிடுகிறது. நிலம் அதன் கையில் இல்லாவிட்டாலும்கூட.

யாங் சிஹ்-யுவான் என்ற தைவான் அரசியல் செயல்பாட்டாளர் 2022 ஆகஸ்டில் சீனாவின் வென்சோ நகரில் கைதானார். 2024இல் ஒன்பது ஆண்டுச் சிறை. தைவான்காரர் ஒருவர் மீது பிரிவினைக் குற்றம் சாட்டி சீன நீதிமன்றம் தண்டித்தது அதுதான் முதல் முறை. தைவானில், தைவான் சட்டத்துக்கு உட்பட்டு, தனிநாடு வேண்டும் என்று அரசியல் பேசுவது குற்றம் ஆகாது. அதே பேச்சு, தைவானுக்கும் சீனாவுக்கும் நடுவே உள்ள நீரிணையைத் தாண்டியதும் ஒன்பது ஆண்டு ஆகிறது. நீரிணையின் அகலம் குறுகலான இடத்தில் சுமார் 130 கி.மீ.

தாண்ட வேண்டும் என்றுகூட இல்லை. 2024 ஜூனில் சீனா 22 அம்ச வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. தைவான் சுதந்திரத்துக்குப் பாடுபடுபவர்களை ஆள் இல்லாமலே விசாரிக்கலாம், மிகக் கடுமையான குற்றம் என்றால் மரண தண்டனை வரை போகலாம் என்கிறது அது. அதிகார வரம்பு என்று சட்டத்தில் சொல்வார்கள். ஒரு நீதிமன்றத்தின் கை எதுவரை நீளலாம் என்ற அளவு அது. தன் நிலத்தில் நடப்பதை எந்த அரசும் விசாரிக்கலாம். இங்கே தைபேயில் இருக்கும் ஒருவரைத் தன் நிலத்தில் இருப்பவராகவே பெய்ஜிங் எண்ணுகிறது. யாரையும் பிடிக்காவிட்டாலும், அந்த வழிகாட்டுதலை வெளியிட்டதே ஓர் இறையாண்மை அறிவிப்பு.

## சிறையில் பார்க்க யார் வருவார்?

இதுவரை சொன்னதெல்லாம் அரசுகளின் சொல் விளையாட்டு மாதிரி தெரிந்திருக்கலாம். இந்தப் பகுதியில் அது உடம்பைத் தொடுகிறது.

வெளிநாட்டில் கைதானால் நம் நாட்டுத் தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். இதற்குத் தூதரகத் தொடர்பு உரிமை என்று பெயர். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு இதைத் தருகிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2016இல் பாகிஸ்தானின் பிடியில் சிக்கினார். பலூசிஸ்தானில் பிடித்தோம் என்றது பாகிஸ்தான், ஈரானிலிருந்து கடத்திப் போனார்கள் என்றது இந்தியா. 2017இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. உளவாளிகளுக்கு இந்த உரிமை கிடையாது என்று பாகிஸ்தான் வாதாடியது. 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 15க்கு 1 என்ற கணக்கில், பாகிஸ்தான் உடன்படிக்கையை மீறிவிட்டது என்று சொல்லித் தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் கதவைத் தட்ட ஓர் இடமாவது இருந்தது. காரணம், எவ்வளவு பகை இருந்தாலும் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றையொன்று நாடு என்று ஏற்கின்றன.

லீ மிங்-சே விஷயத்தில் அந்தக் கதவு இல்லை. தைவானில் ஒரு சமூகக் கல்லூரியில் வேலை பார்த்த மனித உரிமைச் செயல்பாட்டாளர் அவர். 2017 மார்ச் 19 அன்று மக்காவ் வழியாகச் சீனாவுக்குள் போனவர் காணாமல் போனார். பத்து நாள் கழித்துத்தான் அவர் தங்களிடம் இருப்பதாகச் சீன அதிகாரிகள் உறுதி செய்தார்கள். தைபேக்கு அங்கே தூதரகம் கிடையாது. தூதரகத்துக்குப் பதிலாக, அரசு என்ற பெயரில்லாத இரண்டு அமைப்புகளை 1990களின் தொடக்கத்திலிருந்து இரு தரப்பும் வைத்திருக்கின்றன. கைதானால் ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல வேண்டும் என்று 2009இல் அவை ஒப்பந்தமும் போட்டன. ஆனால் 2016இல் தைபேயில் ஆட்சி மாறியதும் பெய்ஜிங் அந்தத் தொடர்பைத் துண்டித்திருந்தது. அவருடைய மனைவி ஏப்ரலில் பெய்ஜிங் போக விமான நிலையம் வரை வந்தார். அவருடைய உடன்பிறப்புச் சான்று ரத்தாகியிருந்தது, ஏற முடியவில்லை. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, செல்லாது. தூதரகத்தில் முறையிடலாம் என்றால் தூதரகமே இல்லை. சர்வதேச நீதிமன்றத்தின் படி ஏற, அவருடைய அரசுக்கு ஐ.நா.வில் இடமில்லை.

நவம்பர் 28 அன்று ஹூனான் மாகாணத்தின் யூவேயாங் நீதிமன்றம் லீக்கு ஐந்து ஆண்டுச் சிறை விதித்தது. குற்றம் உளவு அல்ல, அரசதிகாரக் கவிழ்ப்பு. இணையக் குழுக்களில் சீன அரசியலைப் பற்றி எழுதியதும் பேசியதும் வழக்கின் மையமாக இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, சீனாவில் சட்ட உதவி அமைப்பு நடத்திய பீட்டர் டாலின் என்ற ஸ்வீடன்காரரை 23 நாள் காவலில் வைத்துவிட்டு நாடு கடத்தினார்கள். இரண்டு வழக்குகளை வைத்துப் பொது விதி சொல்ல முடியாது, உளவு வழக்கில் நெடுநாள் சிறையில் இருந்த வெளிநாட்டவரும் உண்டு. ஆனால் வெளிநாட்டவரை வெளியே அனுப்பிப் பிரச்சினையை முடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘உடன்பிறப்பை’ எங்கே நாடு கடத்துவது?

சுருக்கமாக: தகராறில் இருக்கும் நிலத்தைச் சேர்ந்தவருக்கு, வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை, சொந்த நாட்டவருக்குரிய நம்பிக்கையும் கிடைப்பதில்லை.

## அப்படியானால் உளவாளிகளே இல்லையா?

இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. தைவான் இராணுவத்தின் மேஜர் ஜெனரல் லோ சியென்-சே 2011இல் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றார். தைவானின் தேசியப் பாதுகாப்புப் பணியகக் கணக்குப்படி சீனாவுக்கு உளவு பார்த்ததாக வழக்குக்கு உள்ளானவர்கள் 2021இல் 16 பேர், 2022இல் 10, 2023இல் 48, 2024இல் 64. கடைசி ஆண்டில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இந்நாள் அல்லது முன்னாள் இராணுவத்தினர். ஒரு பெரிய இராணுவம் தீவைக் குறிவைத்து நிற்கும்போது இதை வெறும் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடியாது.

சிக்கல், உளவு என்ற சொல் எதுவரை நீள்கிறது என்பதில்தான். சீனாவின் உளவு எதிர்ப்புச் சட்டம் 2023 ஜூலையிலிருந்து, அரசு ரகசியங்களோடு ‘தேசப் பாதுகாப்பும் தேச நலனும் சார்ந்த’ ஆவணங்கள், தரவுகள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. தேச நலன் சாராத தரவு எது என்று ஒரு வியாபாரியோ ஆய்வாளரோ எப்படிக் கண்டுபிடிப்பார்? தைவானில் 2025 மார்ச்சில், போர் தொடுத்தாவது தைவானை இணைக்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் பேசிய, சீனாவில் பிறந்த பெண் ஒருவரின் குடியிருப்பு அனுமதியை ரத்து செய்தார்கள். அவர் தைவான்காரரை மணந்தவர். அவர் பேசியது எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேச்சு, உளவு அல்ல. இரண்டையும் ஒரே பையில் போடும் பழக்கம் பிடித்துக்கொண்டால், அடுத்து யாரை அதில் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.

உளவு வழக்கில் ஆதாரமே ரகசியம். விசாரணை பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கும், அனுப்பியதாகச் சொல்லப்படும் அரசு எப்போதும் மறுக்கும். அதனால் வெளியே இருப்பவர்கள் சரிபார்க்க வழியில்லை. ஒன்றையொன்று ஏற்கும் நாடுகள் பல நேரம் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய தூதரக அதிகாரியைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். இறையாண்மைத் தகராறு உள்ள இடத்தில் அதே கைது பகிரங்கக் காட்சி ஆகிறது. 2006 செப்டம்பரில் ஜார்ஜியா நான்கு ரஷ்ய இராணுவ அதிகாரிகளை உளவாளிகள் என்று கைது செய்தது. பின்னணியில், ரஷ்ய ஆதரவோடு ஜார்ஜியாவின் கையை மீறிப் போயிருந்த அப்காசியா, தெற்கு ஒசேத்தியா பகுதிகள். ஒரு வாரத்துக்குள் அவர்களை ஒப்படைத்தும் ஆயிற்று. ஆனால் ரஷ்யா போக்குவரத்தையும் தபாலையும் துண்டித்து, ரஷ்யாவில் பிழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஜார்ஜியர்களை வெளியேற்றியது. அது கூட்டு வெளியேற்றம், உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. நான்கு அதிகாரிகள் உளவு பார்த்தார்களா என்பது யாருக்கும் நினைவில்லை. வீட்டையும் வேலையையும் விட்டு விமானம் ஏறியவர்களுக்கு அந்த வாரம் மறந்திருக்காது.

## ஒரே தீர்ப்பில் இரண்டு முகவரி

கடைசியாக ஒரு வழக்கு. தைவான் வணிகர் ஒருவர் 2019 ஆகஸ்டில் ஹாங்காங் போனார். அங்கே பெரும் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். பிறகு எல்லை தாண்டி ஷென்ஜென் நகருக்குப் போனார். அங்கே ஒரு விளையாட்டரங்கில் குவிந்திருந்த ஆயுதக் காவல் படையைப் படம் எடுத்தார். கைதானார்.

அவர்மீது வந்தது, மேலே சொன்ன ‘ஜிங்வாய்’ குற்றச்சாட்டு. எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்காகத் துருவிப் பார்த்து அரசு ரகசியத்தைக் கொடுத்தார் என்று ஓர் ஆண்டு பத்து மாதச் சிறை. கூடவே இரண்டு ஆண்டுகளுக்கு அரசியல் உரிமைப் பறிப்பு. ஓட்டுப் போடுவது, தேர்தலில் நிற்பது, அரசுப் பதவி வகிப்பது போன்ற உரிமைகளை எடுத்துவிடும் தண்டனை அது. அவர் தைவான்காரர். சீனாவில் ஒரு நாளும் ஓட்டுப் போட்டவர் இல்லை.

2021 ஜூலையில் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஊருக்குப் போக விமான நிலையம் போனபோது, அரசியல் உரிமை பறிக்கப்பட்ட காலம் முடியும் வரை நாட்டை விட்டுப் போக முடியாது என்று தடுத்துவிட்டதாக அவர் பிறகு சொன்னார். லீ மிங்-சேக்கும் இதே கூடுதல் தண்டனை இருந்தது, ஆனால் 2022 ஏப்ரலில் அவரை நேரே தைவானுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி. ஏன் என்று கேட்டுச் சொல்ல இரண்டு கரைக்கும் நடுவே அப்போது பேசுபவர்கள் யாரும் இல்லை.

அந்த வணிகர் விடுதலை பெற்ற பிறகும் இரண்டு ஆண்டுகள் சீனாவுக்குள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். 2023 செப்டம்பரில்தான் வெளியே விட்டார்கள். விமானம் ஏறி ஜப்பான் போய் இறங்கினார்.